காட்சியும் நற்காட்சியும்

தென்னார்க்காட்டுச் சீமையில் மலை என்று வழங்கப்படுவதை, நீலகிரியையோ கொல்லிமலையையோ கண்டு பழகியவர்கள் மலையென ஒப்புக்கொள்வது அரிது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும், மல்லாட்டைக் கொல்லைகளுக்கும் ஏரிக்கரைகளுக்கும் நடுவே, மண்ணும் மரமும் கழுவப்பட்டு எலும்பு மட்டும் எஞ்சிய உடம்புபோல் நிற்கின்றன இக்குன்றுகள். குண்டுக்கல்லின்மேல் குண்டுக்கல் தொற்றி நிற்க, இது இந்தக் கணமே உருண்டுவிடுமோ என்னும் அச்சத்தைப் பார்ப்பவர் நெஞ்சில் எழுப்புவனவாயினும், இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் வயிற்றில் உறைந்து, மேல்மண் தேயத் தேய வெளிப்பட்ட பழங்கற்கள் இவை. பேர்பெற்ற செஞ்சி ராஜகிரியே ஏறத்தாழ 800 அடிதான். மற்றவற்றில் பலவற்றைக் காலைப் பலகாரம் முடித்து ஏறி, வெயில் உறைக்குமுன் இறங்கிவிடலாம்.

ஆண்டுதோறும் மார்கழி, தை மாதங்களில் இவற்றில் ஒன்றிரண்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டு வருவது எனக்கு நெடுநாளைய வழக்கம். ஏறுவதில் சாகசம் ஒன்றுமில்லை. ஆடு மேய்க்கும் சிறுவர்கள் செருப்பில்லாமல் ஏறுகிற இடங்களே. ஆனால் உச்சிப் பாறையில் நின்று ஒருமுறை உடம்பைச் சுழற்றிப் பார்த்தால், வானம் கவிழ்த்த வட்டிலின் விளிம்புவரை ஏரிகளும் கழனிகளும் பனைவரிசைகளும், ஒரு பக்கம் கோபுரமும் ஒரு பக்கம் மாதாகோயிலும் ஒரு பக்கம் பள்ளிவாசலும், இடையில் ஊர்ந்து செல்லும் பேருந்தும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகின்றன. அப்பொழுது மனத்தில் ஏதோ ஒன்று தளர்கிறது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மலையளவாகத் தோன்றிய கவலை, அந்த வட்டத்துக்குள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதாகிறது. இந்தத் தளர்ச்சி மெய்யான தெளிவா, வெறும் தூரத்தின் மாயமா என்பதே என்னைப் பல ஆண்டுகளாக வருத்திவரும் வினா. பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என்று மூன்றை நம் பெரியோர் கேலியாகச் சொல்லிவைத்தார்கள். மலை வைராக்கியம் என்று நான்காவது ஒன்றையும் அவர்கள் சேர்த்திருக்கலாம்; அடிவாரத்துத் தேநீர்க் கடையை அடையுமுன் அதுவும் ஆவியாகிவிடுவதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

இவ்வினாவை ஆராய்வதற்குச் செஞ்சியைவிடத் தக்க இடம் வேறொன்றை நான் அறியேன். ஒரே வகைப் பாறையின்மேல், ஒரே வட்டக் காட்சியின் முன், இருவகை மனிதர்கள் இங்கே ஏறி அமர்ந்திருக்கிறார்கள்.

முதல் வகையினரை எல்லோரும் அறிவர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் பிணைத்து, உச்சிக்குச் செல்லும் வழியில் இயற்கை விட்டுவைத்த ஆழ்ந்த பிளவின்மேல் ஒரு மரப்பாலத்தை மட்டும் இட்டு, அதை எடுத்துவிட்டால் எவனும் நெருங்க முடியாதென்று நிம்மதி கொண்ட அரசர்கள் இவர்கள். நாயக்கரிடமிருந்து பிஜப்பூர்ச் சுல்தானுக்கும், 1677-இல் சிவாஜிக்கும், அவர் மகன் ராஜாராமை வளைத்து 1690-இல் தொடங்கிய முற்றுகை முடிந்த 1698-இல் மொகலாயருக்கும், 1750-இல் பிரெஞ்சுக்காரருக்கும், 1761-இல் ஆங்கிலேயருக்கும் கைமாறிய இக்கோட்டையைக் கிழக்கின் டிராய் என்று வெள்ளையர் புகழ்ந்தனர். 2025-இல் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக இதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்த தேசிங்குராஜனின் கதையை இன்றும் தெருக்கூத்தில் பாடுகிறார்கள்.

ராஜகிரி உச்சியில் நின்று பார்க்கும்போது, காவற்காரனின் கண்ணோடு பார்த்துப் பழகிய இடம் இது என்பது எளிதில் புலப்படும். எந்தத் திசையிலிருந்து புழுதி எழுந்தாலும் இங்கிருப்பவன் அதைக் கண்டுகொள்வான். விசாலமான காட்சி அவனுக்கு விசாலமான பயத்தையே தந்தது. எவ்வளவு தூரம் தெரிகிறதோ அவ்வளவு தூரமும் தன்னுடையதாக வேண்டும். தன்னுடையதானபின் அவ்வளவு தூரமும் பகைவன் வரக்கூடிய வழியாகிவிடுகிறது. ஆகவே உயரத்திலிருந்து உலகைக் காண்பதனால் மனிதனுக்குப் பற்று அறும் என்று பொதுவிதி வகுப்போமானால், செஞ்சி மன்னர்கள் அத்தனைபேரும் ஞானிகளாயிருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வகையினரைக் காண, கோட்டைச் சீட்டு விற்குமிடத்தைக் கடந்து, சிறுகடம்பூர்ப் பக்கமாகச் செல்ல வேண்டும். திருநாதர்குன்று என்னும் அந்தக் குன்றுக்கு மதில் இல்லை, பாலம் இல்லை. சுற்றுலா வண்டிகளும் பெரும்பாலும் அதன் பக்கம் திரும்புவதில்லை. மேலே ஒரு பெரும்பாறையின் முகத்தில் சமணரின் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள், பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசையில், புடைப்புருவமாக அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர்போலவே மற்றவர்; கோபமோ வரமோ ஆயுதமோ இல்லை. அதே குன்றில், ஆறாம் நூற்றாண்டை ஒட்டியதெனப் பலராலும் கருதப்படும் எழுத்தில், சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடமாகிய நிசீதிகை இது என்னும் செய்தி, ஒரு மூச்சில் சொல்லி முடிக்கத்தக்க அளவில் வெட்டப்பட்டிருக்கிறது. தமிழின் 'ஐ' என்னும் உயிரெழுத்து முதன்முதலாகக் கல்லில் காணப்படுவது இங்கேதான் என்பர் எழுத்தியல் அறிஞர். அந்த எழுத்து அங்கே தேவைப்பட்டதே ஐம்பத்தேழு என்னும் எண்ணின் பொருட்டு. அவருக்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு, இளையபட்டாரகர் என்பவர் முப்பது நாள் நோன்பிருந்து அதே இடத்தில் முடிந்ததையும் மற்றொரு கல்வெட்டு கூறுகிறது.

சென்ற தை மாதத்தில் இக்குன்றுக்கு நான் சென்றது தனியாக அன்று. இப்பகுதி நாட்டுச் சமணர்களான நயினார் குடும்பத்தவர் ஒருவர், ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபதைக் கடந்தவராயினும் என்னைவிட வேகமாக ஏறிச்சென்று, கல்வெட்டின் அருகே துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். நான் மூச்சு வாங்கியபடி, ஐம்பத்தேழு நாளும் அந்த முனிவர் இந்த அழகிய காட்சியைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாரோ என்று சற்றே கவித்துவமாகக் கேட்டுவைத்தேன்.

"காட்சி இருக்கட்டும் தம்பி, பாறைச் சூட்டை மொதல்ல யோசிங்க" என்றார் அவர். "சித்திரை வைகாசியிலே இதும்மேலே கால் வைக்க முடியாது. அவர் எந்த மாசத்திலே உக்காந்தார்னு எழுதாமப் போயிட்டாங்க."

அந்தச் சொல்லால் என் கவித்துவம் அடங்கியது. ஆனால் காட்சி என்ற சொல் மட்டும் அடங்கவில்லை. சமணர் வீடுபேற்றுக்கு வழியாகக் கூறும் மும்மணிகளுள் முதலாவதைத் தமிழ்ச் சமணர் வழங்கும் பெயர் நற்காட்சி என்பதன்றோ? நன்ஞானமும் நல்லொழுக்கமும் அதன் பின்னரே வருகின்றன. வடமொழியில் சம்யக் தரிசனம் எனப்படும் அது, உண்மையில் கொள்ளும் உறுதியைக் குறிக்குமேயன்றிக் கண்ணால் காணும் காட்சியைக் குறிப்பதன்று என்று பண்டிதர் திருத்துவர். திருத்தம் சரியே. ஆயினும் உள்ளத்தின் உறுதிக்கு ஏன் கண்ணின் தொழிலைப் பெயராக வைத்தார்கள் என்பதையும், அந்தப் பெயரை நாவில் உடையவர்கள் இப்பக்கத்துத் தொண்டூரிலும் நெகனூர்பட்டியிலும் இத்திருநாதர்குன்றிலும் நாலாபுறமும் வெளி தெரியும் கற்களையே ஏன் தேடிச் சென்றார்கள் என்பதையும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கண்ணின் காட்சிக்கும் உள்ளத்தின் காட்சிக்கும் இடைப்பட்ட இச்சங்கடம் மேல்நாட்டிலும் ஒருவருக்கு நேர்ந்தது. இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க், 1336 ஏப்ரல் 26-ஆம் நாள் தம் தம்பியோடு பிரான்சின் தென்பகுதியிலுள்ள வாந்தூ மலையின்மேல், உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையால் ஏறினார் என்று அவரே கடிதம் எழுதியிருக்கிறார். உச்சியில் நின்று மலைத்தொடரையும் கடலையும் கண்டு வியந்தவர், கையோடு கொண்டுபோயிருந்த புனித அகஸ்டீனின் நூலைத் திறக்க, புறத்தேயுள்ள மலைகளையும் கடல்களையும் வியந்து திரிந்து தன்னை மறந்துபோகும் மனிதனைக் கடிந்துரைக்கும் பகுதியே எதிர்ப்பட்டதாம். வெட்கமடைந்து நூலை மூடி, அடிவாரம் சேரும்வரை வாய் திறக்காமல் இறங்கினார். வெளியே பார்ப்பதும் உள்ளே பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்பது அவர் பெற்ற தெளிவு. பெரிய மலையின்மேல் ஏறியவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. வாந்தூவின் உயரம் ஆறாயிரம் அடிக்கு மேல். அங்கிருந்து பார்த்தால் மலையும் கடலும் தெரியும். ஒரு வீட்டின் அடுப்புப் புகை தெரியாது.

நம் சமணர் ஏறியவை சிறுகுன்றுகள். அவர்கள் குன்றைத் தேர்ந்தது உயரத்துக்காக அன்று. ஊருக்கு அண்மையில் இருந்ததற்காக. திகம்பர முனிவர் நாளுக்கு ஒரே வேளை, தம் கையையே கலமாக்கி, இல்லறத்தார் இடும் உணவை உண்பவர். தமக்கெனச் சமைக்கவோ, சேமிக்கவோ அவருக்கு விதியில்லை. ஆகவே ஊருக்குள் குடியிருக்கவும் கூடாது, ஊரைவிட்டு நெடுந்தூரம் போய்விடவும் முடியாது. பிச்சைக்கு இறங்கி, வெயிலுக்குமுன் திரும்பிவரத்தக்க கல் எதுவோ அதுவே அவருடைய மலை. குன்றில் அவர்களுக்கு இடம் அமைத்துக் கொடுத்தவர்களும் கீழே வாழ்ந்தவர்களே. நெகனூர்பட்டிக் குகைப்பள்ளியைச் செய்வித்தவள் ஒரு தாய் என்று அங்குள்ள பழைய கல்வெட்டால் அறிகிறோம். தொண்டூர்க் கற்படுக்கைக் கல்வெட்டில் குறிக்கப்படும் ஊர், இன்றும் சமணர் வாழும் அகலூரே என்பது அறிஞர் துணிபு. மேலே துறவு, கீழே அதற்குச் சோறு. இடையே ஒரு நாழிகை நடை. இந்த நடைதூரமே இக்குன்றுகளின் தத்துவம் என்று எனக்குப் படுகிறது.

இப்பொழுது அந்த ஐம்பத்தேழு நாட்களை மறுபடியும் எண்ணிப் பார்க்கலாம். இமயத்துப் பனிக்குகையில் உணவின்றி இருப்பவன் முன்னே உணவு என்பது நினைவாக மட்டும் இருக்கும். சந்திரநந்தியோ, காலையிலும் மாலையிலும் கீழே ஊரின் கூரைகளிலிருந்து புகை எழுவதைக் காணக்கூடிய இடத்தில், பல ஆண்டுகளாகத் தாம் கையேந்தி நின்ற வாசல்களை இன்னின்னது என்று அடையாளம் காணக்கூடிய தூரத்தில், தம் பெயரை அறிந்தவர்கள் ஏர் பூட்டுவதும் நீர் இறைப்பதும் தெரியும் உயரத்தில் அமர்ந்து, ஒரு நாழிகை நடையை ஐம்பத்தேழு நாட்கள் நடவாமல் இருந்தார். எதைத் துறக்கிறோம் என்பதைக் கண்முன்னே வைத்துக்கொண்டு துறந்தார். கீழே எதிரி வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்த அரசனுக்கும் இதே வெளிதான் தெரிந்தது. ஆனால் எட்டாண்டு முற்றுகையில் ராஜகிரியைக் காத்தது உள்ளே சேமித்து வைத்த நெல். இந்தக் குன்றில் சேமிப்பு என்று ஒன்றுமே இருந்ததில்லை.

இப்படி உண்ணாதிருந்து உயிர்விடுவதைத் தற்கொலை என்று சொல்வாரும் உளர். அவர்கள் கட்சியை அலட்சியம் செய்யலாகாது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் சல்லேகனை எனப்படும் இந்நோன்பை அவ்வாறே கருதித் தடுத்தது. அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. சமண ஆசாரியர் சமந்தபத்திரர் இயற்றிய ரத்னகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார்க்கான நூலாயினும், இந்நோன்பை எப்பொழுது மேற்கொள்ளலாம் என்பதை அதில் நன்கு வரையறுத்திருக்கிறார்: தவிர்க்கவியலாத இடுக்கண், பஞ்சம், மூப்பு, மருந்தில்லா நோய் ஆகியவை வந்துற்றபோதே. நோன்பைக் கெடுக்கும் குற்றங்கள் ஐந்து என்றும் அவர் வகுக்கிறார். வாழ வேண்டுமென்ற ஆசை ஒரு குற்றம், விரைவில் சாகவேண்டுமென்ற ஆசையும் குற்றம், அச்சம் குற்றம், மறுமையில் இன்னது வேண்டும் என்ற வேட்கை குற்றம். இவற்றோடு நண்பரை நினைத்தலையும் அவர் குற்றமாக வைத்திருப்பதைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். சாவை விரும்புவதே பிழையென்று விதித்தபின் இதனைத் தற்கொலை என்பது கடினம் என்றே நான் முடிவு செய்கிறேன்; ஆயினும் சுற்றியிருப்போர் ஒரு கிழவியையோ நோயாளியையோ புகழாசையால் இந்நோன்புக்குள் தள்ளிவிடக்கூடும் என்று நீதிமன்றம் கவலைப்படுவதும் தவறாகாது.

நண்பரை நினைத்தல் குற்றமா? இங்கிருந்து தென்மேற்கே, திருக்கோவலூரில் தென்பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. தம் நண்பன் பாரி மாண்டபின் அவன் மகளிருக்கு வாழ்வு தேடிக் கொடுத்துவிட்டுக் கபிலர் அங்கே வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது மரபு. தீப்புகுந்தார் என்கிறது ராஜராஜன் காலத்துக் கோயிற்கல்வெட்டு. எவ்வாறாயினும் அது நண்பனை நினைத்தே நேர்ந்த சாவு. சமந்தபத்திரரின் தராசில் அது நிறை குறையும். தமிழ் நெஞ்சம் அதையே கொண்டாடுகிறது. என்னைக் கேட்டால் நானும் கபிலர் பக்கமே சாய்வேன். ஆனால் கல்லின்மேல் அமர்ந்து, நண்பர் வீட்டுக் கூரையைக் கண்ணால் கண்டும் மனத்தால் அதைப் பற்றாதிருக்கும் அந்த மற்றொரு நிலை எவ்வளவு அரியது என்பது, நம் வீட்டுக் கூரை கண்ணில் படுமளவு தாழ்ந்த குன்றொன்றில் உட்கார்ந்து பார்த்தவருக்கே விளங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர் எறும்புகளாய்த் தெரிகிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். தத்துவம் என்று அதைப் பாராட்டிக்கொள்ளவும் செய்கிறோம். அது தத்துவம் அன்று, கண்ணின் குறை. அந்தக் குறையை மெய்யென்று நம்பியவர்களே கோட்டை மேலிருந்து ஆயிரம் பேரைச் சாகவிட்டார்கள். சமண முனிவரோ, உட்காருமுன் மயிற்பீலியால் பாறையைத் துடைத்து, அங்கே ஊர்ந்துகொண்டிருக்கும் எறும்புக்கு வழிவிட்டுப் பிறகே உட்காருகிறவர். மயில் என்றதும், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிச் சாலையில் உள்ள மயிலம் நினைவுக்கு வருகிறது. சூரபதுமன் மயிலாகி முருகனைத் தாங்கத் தவம் செய்த இடம் அந்தக் குன்று என்பது தலபுராணம். பகைவன் வாகனமாவதற்கு ஒரு சிறுகுன்றே அங்கும் போதுமாயிருந்தது. சைவருக்கும் சமணருக்கும் எத்தனையோ வழக்குண்டு. மயிலை இருசாராரும் வேண்டிக்கொண்டார்கள்.

இக்குன்றுகள் பல இன்று ஜல்லியாகிக்கொண்டிருக்கின்றன என்பதையும் குறிக்காமல் விட மனம் வரவில்லை. வெடி வைக்கும் ஓசையைத் திண்டிவனம், வானூர்ப் பக்கங்களில் எவரும் கேட்கலாம். எழுத்துள்ள கல்லுக்குக் கேட்பார் உண்டு; எழுத்தில்லாத கல்லில் யாரும் நோன்பிருந்ததில்லை என்று எப்படித் துணிவது?

மாலை ஐந்து மணி ஆகுமுன்பே நயினார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வெயில் தணியத் தொடங்கியிருந்தது; பொழுது சாய்வதையும் இருந்து பார்த்துவிட்டுப் போகலாமே ஐயா என்றேன்.

"நீங்க இருந்து பாத்துட்டு வாங்க தம்பி. பொழுது போயிட்டா எனக்குச் சாப்பாடு கெடையாது" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கத் தொடங்கினார். விளக்கு வைத்தபின் உண்ணாமை அவர்கள் குடும்ப விரதம். நானும் பின்னால் இறங்கினேன். அவர் வீட்டுத் திண்ணையை அடைந்தபோது சூரியன் இன்னும் பனந்தலைக்கு மேலே ஒரு முழம் நின்றது. கால் கழுவிக்கொண்டு உள்ளே சென்றவர், அது மறைவதற்குள் உண்டு முடித்துக் கை கழுவினார்.